தேவாலய மேட்டுக்காக ஒரு என்ஜின்

என் அக்கா மாய்கெனின் கணவன் ஸ்டூரே காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேச்சில் படு கஞ்சன். பெண்டாட்டியைப் பற்றி அவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. அறுபத்தாறாம் வருடத்து வோல்வோ அமேசான் கார் ஒன்று வைத்திருந்தான். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அதுதான் பிள்ளை என்று நான் குத்திக் காட்டுவேன். அவன் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருப்பான்.

கோடை வந்தால் பின்னால் சக்கரம் வைத்த குட்டி வீடான கேரவனைக் கட்டி இழுத்துக்கொண்டு இருவரும் ஏரிக்குக் கிளம்புவார்கள். வழியில் இருக்கும் தேவாலய மேட்டில் கார் திணறும். ஸ்டூரே இரண்டாம் கியருக்கு இறக்குவான். பின்னால் லாரிகள் வரிசை கட்டும். மாய்கென் ஜன்னலில் கையை நீட்டி எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பாள்.

போன மார்ச்சில் அவளுக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். கோடை வரை தாங்கினால் பெரிது என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது அவள் சொன்னாள்:

"ஒரே ஒரு தடவ அந்த மேட்ட மூணாவது கியர்லயே ஏத்திக் காட்டு. அப்புறம் எங்க வேணும்னாலும் போறேன்."

கேலியாகத்தான் சொன்னாள். அவன் மறுநாளே என்ஜினை இறக்கிவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சாகக் கிடக்கிறாள், நீ நட்டு போல்ட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

"எனக்கு வேற என்ன தெரியும், டாக்னி?" என்றான்.

சிலிண்டர்களை உள்ளே கடைந்து அகலமாக்கி சற்றே பெரிய பிஸ்டன்கள் போட்டான். மேலே மூடும் சிலிண்டர் ஹெட்டை ஒரு மயிரிழை சீவினான். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட்டையும் புதிதாக வரவழைத்தான். புது என்ஜினே மாட்டினால் இரட்டிப்பு வேகம் வருமே என்று பக்கத்து வீட்டுக்காரர் சீண்டினார். பத்துக் குதிரைத்திறன் கூடினால் போதும், மேடு அவ்வளவுதான் என்றான். மாய்கென் தன் கட்டிலைக் கராஜை ஒட்டிய அறைக்கு மாற்றச் சொன்னாள். ஸ்பேனர் கீழே விழும் சத்தம் கேட்டால், "கை வழுக்குது கிழவனுக்கு" என்பாள். கஞ்சிகூட இறங்காத நாட்களிலும் அவன் சாயங்காலம் வந்து, இன்றைக்கு இது முடிந்தது என்று சொல்வதைக் கேட்க விழித்திருப்பாள். யார் முந்துவது, என்ஜினா நோயா என்பதுதான் எங்கள் வீட்டில் ஒரே கவலை.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, என்ஜின் உறுமியது. புதுக் கேம் ஷாப்ட் போட்ட என்ஜினை முதல் தடவை ஓட்டும்போது வேகம் குறைய விடக்கூடாது. இருபது நிமிடம் உறும வைத்தே பிடிக்க வேண்டும். குறைத்தால் உலோகம் உரசி எல்லாம் பாழ்.

"அவனக் கூப்பிடுடி" என்றாள் மாய்கென். தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். போய்ச் சொன்னேன். ஸ்டூரே கார்பரேட்டரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இப்ப நிறுத்தினா கேம் போயிரும். மறுபடி பிரிச்சு மாட்ட அவளுக்கு நாள் இருக்காது. இந்தா, முடிஞ்சதும் வர்றேன்."

திரும்பி வந்து சொன்னேன்.

"நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப நிறுத்தச் சொல்லாத" என்று கண்ணை மூடிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். என்ஜின் நிற்பதற்கு முன்னால் அவள் மூச்சு நின்றுவிட்டது. கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த எனக்கே சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஸ்டூரே சிரித்துக்கொண்டே வந்தான். அந்த வருடம் அவன் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

"நாளைக்கே போலாம், மாய்கென்."

என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றான். கட்டில் வரை வந்தவன் இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"கையெல்லாம் எண்ணெய். விரிப்புல பட்டா திட்டுவா."

"படட்டும், ஸ்டூரே. பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டான். பிறகு அவளைக் குளிப்பாட்டி உடுத்தியவள் நான்தான். அவள் விரல்களில் படிந்திருந்த அந்த எண்ணெய்க் கறுப்பை மட்டும் நான் துடைக்கவில்லை. அதோடுதான் அவளை அடக்கம் செய்தோம்.