எட்டாம் நம்பர் பாத்தி

கோடையில் தில்லி அதிகாரிகளின் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது வெட்டிவேர் வாசனைதான். கூலரில் வேரைத் திணித்து, தண்ணீரை ஓடவிட்டு, வெளியே லூ காற்று கொதிக்க, உள்ளே குளுகுளுவென்று தேசத்தை நிர்வகிப்பார்கள். அதே ஊரில், அதே கோடையில், வெட்டிவேரை யாரும் வெட்டிவிடாமல் காப்பதையே வேலையாக வைத்திருந்தாள் ஒரு பெண். பெயரிலேயே வெட்டை வைத்திருக்கும் செடியை வெட்டாதே என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். வீராயிக்கு அது நிறையவே இருந்தது.

எழுபத்து நான்கில் விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள். லோதி ரோட்டு அரசுக் குடியிருப்பு ஒன்றின் பின்பக்கச் சுவருக்குச் செங்கல் சுமந்தாள். எழுபத்தெட்டு வெள்ளத்தில் அந்தச் சுவருக்குப் பின்னால் ஓடும் நாலா பொங்கி, கரையைச் சரித்து, சுவரிலும் இருபது அடியைக் கொண்டுபோயிற்று. நாலாவைச் சாக்கடை என்பவர்கள் உண்டு. பழைய வரைபடத்தில் அது ஓடை. கரைக்குக் கல் பதிக்க வேண்டும் என்று ஒரு கோப்பு கிளம்பியது. கல் வரும்வரை தற்காலிகமாகப் புல் நடலாம் என்று தோட்டத் துறை முடிவு செய்தது. கல் வரவேயில்லை. அரசாங்கத்தில் தற்காலிகமாகச் செய்வதுதான் நிலைத்து நிற்கும்.

நடுவதற்குத் தினக்கூலியாகச் சேர்ந்த வீராயி, "புல்லுன்னா எந்தப் புல்லு?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அவளே பதிலும் சொன்னாள்: "வெட்டிவேரு வைங்க. ஆளு ஒசரத்துக்கு நேரா கீழ எறங்கும். மண்ணப் புடிச்சா வுடாது. எங்க பெண்ணையாத்தங்கரையில பாத்திருக்கேன்."

யமுனைக்கரையிலிருந்து சாக்குச் சாக்காகத் தூறு கொண்டுவந்து ஐம்பத்தெட்டுப் பாத்திகள் நட்டாள். நடுவதற்கு ஒரு மாதம்தான் ஆயிற்று, பராமரிப்பதற்கு வருஷக்கணக்கு. மழைக்கு முன்பும் பின்பும் தாளை முழங்கால் உயரத்துக்கு அறுப்பாள், வேரைத் தொடமாட்டாள். சீமைக்கருவேலங்கன்று தலைகாட்டினால் அன்றே பிடுங்குவாள். குடியிருப்பு மாடிகளிலிருந்து வந்து விழும் கந்தலையும் உடைந்த பீங்கானையும் கூடையில் வாரிக்கொண்டே, "எல்லாம் படிச்சவங்க" என்பாள். மூன்றாம் வருஷம் ஒரு கானாங்கோழி ஜோடி புல்லுக்குள் குடிவந்தது. வரிசையில் காத்திராமல் லோதி ரோட்டில் குவார்ட்டர்ஸ் கிடைத்த குடும்பம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

எண்பத்திரண்டு வந்தது. ஆசிய விளையாட்டுக்காக ஊரே முகச்சவரம் செய்துகொண்டது. ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, தலைமைத் தோட்டக்காரர் வந்தார். துறையில் அவரைச் சௌத்ரி என்பார்கள். திங்கட்கிழமை இரண்டு கரையிலும் 'ஜங்கிள்' எல்லாம் வேரோடு எடுத்துவிட்டு அருகம்புல் மெத்தை விரிக்க வேண்டும், மேலிட உத்தரவு என்றார். கானாங்கோழி அப்போது அடைகாத்துக்கொண்டிருந்தது.

வீராயி நேராக அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சேஷன் தலைமை குமாஸ்தா. கரோல் பாகிலிருந்து பஸ்ஸில் வருபவர். இருபத்துநாலு வருஷ சர்வீஸில் ஒரு விதியைக்கூட மீறாதவர்.

"ஆர்டர் வந்துடுத்து, வீராயி. நான் என்ன பண்றது?"

"ரோட்டோர மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கே சாரு, அத வெட்டச் சொல்வாங்களா?"

"அதெப்படி? நம்பர் போட்ட மரத்தை வெட்டணும்னா கமிட்டி உக்காரணும்."

"அப்ப எம் புல்லுக்கும் நம்பர் போடுங்க."

"புல்லுக்கு யாராவது நம்பர் போடுவாளா? சிரிப்பா சிரிப்பா."

"சிரிக்கட்டுமே. சிரிச்சா வெட்டமாட்டாங்கல்ல."

சேஷன் எண் போடச் சொன்ன சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தார். துறை நட்ட 'தாவரங்களுக்கு' எண் இட வேண்டும் என்றுதான் இருந்தது. மரம் என்ற சொல்லே இல்லை. அப்படியென்றால் நாலு வருஷமாக அந்தக் கரை விதியை மீறிக்கொண்டிருக்கிறது. அவருக்கு வியர்த்தது. வெள்ளைப் பெயிண்ட் ஒரு டப்பாவும், மேலே பெயிண்ட் பூசினால் எண் பதியும்படி வெட்டிய தகரத் தகடுகளும் உடனே கொடுத்தார்.

வீராயிக்கு எழுத்து தெரியாது; ஆனால் தில்லி பஸ்கள் எண்களைச் சொல்லிக்கொடுத்திருந்தன. சனியும் ஞாயிறும் வெயிலில் குனிந்து, பாத்திக்கு ஒரு கல் நட்டு எண் போட்டாள். தகடுகளில் எட்டு மட்டும் இல்லை. எப்போதோ தொலைந்துபோனது. அவள் யோசிக்கவில்லை, ஏழுக்கு அடுத்து ஒன்பது போட்டாள், பதினேழுக்கு அடுத்து பத்தொன்பது. ஐம்பத்தெட்டுப் பாத்திகளும் அறுபத்துநாலில் போய் முடிந்தன.

திங்கட்கிழமை என்ஜினியர் ஜீப்பில் வந்தார். கரையில் இறங்கினால் ஷூ கெட்டுவிடும் என்று பாலத்தின் மேலேயே நின்றார். மண்வெட்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். எண்களைக் கண்டதும் அவர் முகம் மாறியது. சௌத்ரியைப் படிக்கச் சொன்னார்.

"சே... சாத்... நௌ..."

"ஆட் நம்பர் கிதர் ஹை?"

ஆறு, ஏழு, ஒன்பது; எட்டு எங்கே? சௌத்ரி தொடர்ந்து படித்தார். பதினெட்டும் இல்லை, இருபத்தெட்டும் இல்லை. மொத்தம் ஆறு பாத்திகளைக் காணோம். ஜூன் மாதம், ஊரெல்லாம் கூலர், கடைகளில் வெட்டிவேருக்குத் தட்டுப்பாடு. என்ஜினியருக்கு உடனே புரிந்துவிட்டது, தவறாக. யாரோ அரசாங்க வேரைத் தோண்டி விற்றிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை இந்தக் கரையில் ஒரு புல்லைக்கூடத் தொடக்கூடாது என்று உத்தரவிட்டு ஜீப்பில் ஏறினார். மண்வெட்டிகள் எதிர்க்கரைக்குப் போயின. அங்கிருந்த நாணலை ஒரே நாளில் வழித்தெடுத்து, ஒரு வாரத்தில் அருகம்புல் விரித்தார்கள்.

தகடு விஷயத்தைச் சேஷன் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவது விதியில் இல்லை.

விசாரணைக்கு ஆள் நியமிப்பதற்குள் மழை வந்துவிட்டது. ஜூலையில் இரண்டு நாள் விடாமல் கொட்டியதில் நாலா மறுபடி பொங்கியது. மூன்றாம் நாள் வடிந்தபோது எதிர்க்கரை மெத்தையோடு சரிந்து, அங்கே வெறும் சேறு கிடந்தது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது அந்த வருஷம் பொய்த்தது. இந்தப் பக்கம் வெட்டிவேர் படுத்து எழுந்து நின்றது. எண் போட்ட கல் ஒன்றுகூட நகரவில்லை. சுவரில் ஒரு செங்கல்லுக்கும் சேதமில்லை. ஐந்து கறுப்புக் குஞ்சுகளோடு கானாங்கோழி வெளியே வந்து, என்ஜினியர் நின்ற பாலத்துக்கு அடியிலேயே நடந்து போயிற்று.

எதிர்க்கரையிலும் வெட்டிவேர் நடும்படி உத்தரவு வந்தது. வீராயி சேஷனிடம் முதலில் கேட்டது எட்டு. அவர் புதுத் தகடு வெட்டச் செய்தார். அக்கரையில் அவள் நட்ட முதல் ஆறு பாத்திகள் 8, 18, 28, 38, 48, 58.

அன்று மாலை சேஷன் விசாரணைக் கோப்பில் தம் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'காணாமல் போனதாகக் கூறப்பட்ட ஆறு பாத்திகளும் எதிர்க்கரையில் நல்ல நிலையில் காணப்பட்டன.'

"என்னா எழுதினீங்க சாரு?"

"அந்தப் பக்கம் இருக்குன்னு எழுதினேன்."

"இருக்குதுல்ல?"

"இருக்கே."

"அப்புறம் என்னா. பாலத்து மேல நின்னு பாத்தாலே தெரியும், ஷூ கெடாது" என்றாள் வீராயி. சேஷன் சிரித்துவிட்டு நிமிர்வதற்குள் அவள் அறுபத்தைந்துக்குப் பெயிண்ட் கலக்கப் போயிருந்தாள்.