லெம்பி என்று பெயர் வைத்த வீட்டில் இருபத்தொரு நாள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நம் நூலகத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அமெரிக்கா போய்வந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம், அதனால் எழுதுகிறேன். படியெடுக்கும் தம்பி பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். சேதியைத் திருத்த வேண்டாம்.

நான் சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறவன். மூன்று பெண்கள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, அடுத்தது பையனாக வரட்டும் என்று நம் பக்கத்து வழக்கப்படி அவளுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்தேன். நானேதான் அவள் காதில் மூன்று முறை சொன்னேன். பையனும் பிறக்கவில்லை, வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. அவள் உதவித்தொகையில் இன்ஜினியரிங் படித்து நியூஜெர்சிக்கு வேலைக்குப் போனாள். அங்கேயே ஆந்த்ரெஸ் என்பவரைக் கட்டிக்கொண்டாள். எஸ்தோனியா என்ற சின்ன நாட்டிலிருந்து வந்த குடும்பம் அவருடையது.

என் வீட்டுக்காரி இரண்டு வருடத்துக்கு முன் தவறிப்போனாள். கடைசியாக என்னிடம் சொன்னது, "அவளுக்கு ஒரு நல்ல பேரு வச்சுட்டு வாங்க" என்பதுதான். இந்த வருடம் மகள் போனில், அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடப்போவதாகவும், அதிலேயே பெயரை மாற்றிக்கொள்ள வழி இருப்பதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். என்னிடம்தான் புதுப் பெயர் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பெயரைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஜூலை 9, செவ்வாய், மதியம் ஒன்றரை மணி. டெல்லியில் ஏறி, பதினைந்து மணி நேரம் உட்கார்ந்தே இருந்து நெவார்க்கில் இறங்கினேன். போகவர டிக்கெட் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அவள்தான் போட்டாள். அங்கிருந்து அவர்கள் வீடு இருக்கும் பார்சிப்பனி நாற்பது கிலோமீட்டர். ஆந்த்ரெஸ் கார் ஓட்ட, அவள் பின்னால், புதிதாகப் பிறந்த தன் பெண் குழந்தையோடு உட்கார்ந்தாள்.

"வாங்க மாமா" என்று அவர் தமிழில் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, "போதும்பொண்ணு, தண்ணி" என்றார். நாங்கள் வீட்டில் போதும் என்று பாதியோடு நிறுத்திக்கொள்வோம். அவர் ஒவ்வோர் எழுத்தாக, மரியாதையாக, முழுப் பெயரையும் சொன்னார். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரோடு அத்தனை சுத்தம். ஹாரன் சத்தமே இல்லை. நடந்துபோகிற ஆள் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 18, வியாழன். குழந்தைக்கு லெம்பி என்று பெயர் வைக்க முடிவு செய்திருந்தார்கள். அதற்குச் சாமான் வாங்க எடிசன் போனோம். முக்கால் மணி நேரப் பயணம். ஓக் ட்ரீ ரோட்டில் நம்மூர்க் கடைத்தெருவைப் பெயர்த்து வைத்தது போல வெற்றிலை, மஞ்சள், நாட்டுச்சர்க்கரை எல்லாம் கிடைக்கின்றன. ஒரு மசால் தோசை பன்னிரண்டு டாலர். வாழைப்பழம் ஒரு பவுண்டு ஐம்பத்தொன்பது சென்ட். குவாதமாலா என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை அவள் படித்துச் சொன்னாள். ஒரு பழத்தில்கூட அடி இல்லை. எப்படி இறக்குகிறார்களோ என்று நின்று பார்த்தேன்.

திரும்பும் வழியில் கேட்டேன்: "லெம்பின்னா என்னம்மா அர்த்தம்?"

அவள் ஆந்த்ரெஸிடம் இங்கிலீஷில் கேட்டாள். அவர் ஓட்டிக்கொண்டே நிறையப் பேசினார். அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொன்னாள்.

"அவங்க பழைய மொழியில லெம்ப்-னா அன்புப்பா. லெம்பின்னா அன்புக்குரியவ. முன்னாடி சர்ச்சுல வைக்கிற பேருதான் எல்லாருக்கும். அப்புறம் அவங்க சொந்த மொழி வார்த்தையிலேயே பிள்ளைங்களுக்குப் பேரு வைக்க ஆரம்பிச்சாங்களாம். விடியல், அலை, பூ, இப்படி."

"இவரு வீட்டுல யாருக்காச்சும் இருந்த பேரா?"

"அவரோட அத்தை பேரு. ரெண்டாம் உலகச் சண்டை நேரத்துல இவங்க தாத்தா எல்லாத்தையும் விட்டுட்டுப் படகுல தப்பிச்சுப் போனாரு. அகதி முகாம்லதான் அத்தை பொறந்தாங்க. ரொட்டிக்கு வரிசையில நின்ன காலம்."

 அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரொட்டி இல்லாத இடத்தில் பெண் பிறந்தபோது அவர்களுக்கு அந்த வார்த்தை தோன்றியிருக்கிறது. போதும் பிறந்தபோது எனக்கு மண்டியில் தினமும் வேலை இருந்தது. சொந்த ஓட்டு வீடு இருந்தது.

ஜூலை 20, சனி, காலை பத்து மணி. பக்கத்து வீட்டுக்காரர் மணி என்பவர் வந்து பெயர் வைக்கும் முறைகளைச் சொல்லிக்கொடுத்தார். கோயம்புத்தூர்க்காரர், போதும் வேலை பார்க்கும் ஆபீஸிலேயே இருக்கிறவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர்.

"அண்ணா, பயணமெல்லாம் சவுரியமுங்களா? எங்க ஆபீஸ்ல உங்க பொண்ணு பேரச் சொல்ல மேனேஜர் ஒரு வாரம் பிராக்டிஸ் பண்ணாருங்க! யாருங்ணா வச்சது?"

"நான்தாங்க."

"பையனுக்கு அப்ளை பண்ணிட்டு வெயிட்டிங்கா?" என்று சிரித்தார். பிறகு போதும் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெத்தல எங்கம்மா வச்ச?" என்று உள்ளே போய்விட்டார்.

குழந்தையின் காதில் பெயரை நான் சொல்ல வேண்டும் என்று ஆந்த்ரெஸ் விரும்பினார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"சொல்லுங்கப்பா. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள் போதும்.

குத்தலா சாதாரணமாகச் சொன்னதா என்று தெரியவில்லை. குழந்தையை வாங்கி, வெற்றிலையால் காதை மறைத்து, லெம்பி என்றேன். இரண்டாவது முறை சொன்னேன். இருபத்தொன்பது வருடத்துக்கு முன் இதே அளவு சின்னக் காது, காய்ந்த பால் வாசனை, அதே சூடு. அன்றைக்கு நான் சத்தமாகச் சொல்லியிருந்தேன், சாமிக்குக் கேட்க வேண்டும் என்று. மூன்றாவது முறை வாய் அசைந்தது, குரல் வரவில்லை. ஆந்த்ரெஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு அதை அவரே சொன்னார்.

ஜூலை 28, ஞாயிறு, சாயங்காலம். கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது. அவள் அடுப்படியில் பால்புட்டி துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அந்தக் குடியுரிமைப் பாரத்துல பேரு மாத்துறதுன்னு சொன்னியேம்மா..."

"சப்மிட் பண்ணிட்டேன்ப்பா. பேரு மாத்தணுமான்னு கேட்டிருந்துச்சு. நோ போட்டுட்டேன்."

"ஏம்மா?"

"மாத்துனா உங்களுக்கு நிம்மதியாயிரும்."

குரலை உயர்த்தவில்லை. அடுத்த புட்டியை எடுத்தாள்.

"அம்மா கடைசியில எங்கிட்டச் சொல்லிட்டுப் போனா..."

"எங்கிட்டயும் சொன்னாங்க. அவங்க சொன்னாத்தான் உங்களுக்குத் தோணுமா? இருபத்தொம்பது வருஷம் இருந்துச்சேப்பா. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப தினமும் சிரிப்பாங்க. ஒருநாள் வந்து கேட்டிருக்கலாம்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "பிரஷர் மாத்திர போட்டீங்களா?" என்றாள்.

போட்டேன் என்றேன். போடவில்லை.

ஜூலை 30, செவ்வாய். விமான நிலையத்தில் குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. போதும்தான் மெதுவாகப் பிரித்தாள். திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று பார்க்காமலே போய்விட்டேன்.

அந்த நாடு எப்படி இருக்கிறது என்று மண்டியில் எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்கிறேன். இங்கே பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ரோட்டில் நின்றால் இன்னும் இரண்டு மூன்று போதும்பொண்ணுகள் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் அது என் காதில் விழுந்ததே இல்லை.

தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவளைக் கேட்காமல் ஒரு முறை பெயர் வைத்தாயிற்று. இன்னொரு முறை வேண்டாம்.

ஆவணி 3, திங்கட்கிழமை.