கெத்செமனே என்றால் செக்கு

அன்று காலை எங்கள் தெருவில் செக்குச் சத்தம் கேட்கவில்லை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னிடம் வாப்பா வந்து, "எஸ்தர் போயிட்டாம்மா" என்றார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம். அவளுக்காக நான் எழுதி வைத்த அறிவியல் பாடம் பையில் இருந்தது. அதை வெளியே எடுப்பதா, அப்படியே வைப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

நம் ஒன்பதாம் வகுப்பில் என்னருகே உட்கார்ந்தவளை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் அப்பா மரச்செக்கு வைத்திருப்பதால், "ஏட்டி எள்ளு" என்று கூப்பிடுவீர்கள். அவளும் கோபப்படாமல், "என்னட்டி புண்ணாக்கு" என்பாள்.

போன வருடம் பெரிய வெள்ளிக்கு அவர்கள் சர்ச்சில் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். பிடிபடுவதற்கு முன் இயேசு கலங்கி ஜெபித்த கெத்செமனே தோட்டம்தான் காட்சி. அதற்காக ஞாயிறு பள்ளி அக்கா குரோட்டன்ஸ் தொட்டிகளை அடுக்கினார். "கெத்செமனேன்னா என்ன அர்த்தம்க்கா?" என்று எஸ்தர் கேட்டாளாம். "தோட்டத்துக்குப் பேருட்டி. பேருக்கு என்ன அர்த்தம்?" என்றாராம் அக்கா. எஸ்தருக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் என்னிடம், "நீதான் புஸ்தகமும் கையுமா அலையுதல்லா, கண்டுபிடி" என்றாள்.

நூலகத்தில் ஒரு வேதாகம அகராதியைத் தேடிப் பிடித்தோம். அந்தக் காலத்து அரமேய மொழியில் கெத் என்றால் ஆலை. செமனே என்றால் எண்ணெய். ஒலிவக் காய்களை ஆட்டி எண்ணெய் எடுத்த இடம் அது. எஸ்தர் அந்த வரியில் விரலை வைத்தபடி அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்து ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"யப்பா, கெத்செமனேன்னா செக்குப்பா."

நான் மாமா என்று கூப்பிடும் அவள் அப்பா செக்கின் மோட்டாரை நிறுத்தினார். "அப்பம் மனசு கலங்குனப்ப ஆண்டவரு பூந்தோட்டத்துக்குப் போவல. நம்மள மாதிரி ஒருத்தன் செக்கடிக்குத்தான் போயிருக்காரு" என்றார். பிறகு எங்கள் கால்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் செருப்பக் கழட்டுங்க" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

நாடகத்தில் குரோட்டன்ஸ் நடுவே ஒரு பழைய செக்கு உலக்கை நின்றது. "கடைக்கு விளம்பரமாட்டி?" என்று கேலி செய்தார்கள்.

ஆடி மாதத்தில் அவளுக்கு இரத்தத்தில் நோய் என்று தெரிந்தது. ஒரு பிற்பகலில் வாப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. "செக்குல போட்டு ஆட்டுதாவ பாத்திமா. கருப்பட்டிதான் போடல" என்றாள். கருப்பட்டி சேர்த்து ஆட்டினால்தான் எள்ளில் எண்ணெய் பிரியும் என்று அவள் அப்பா சொல்வார்.

அவள் அம்மா சுவரில் சாய்ந்து அசந்திருந்தார். எஸ்தர் குரலைத் தாழ்த்தினாள். "மெல்லப் பேசு. அம்மா பாவம், கொஞ்சம் தூங்கட்டும். அங்கனயும் இயேசு கூடப் போனவிய தூங்கிட்டாவ, தெரியுமா? முழிச்சிருங்கன்னு சொல்லியும் முடியல அவியளுக்கு. நீ இருப்பியாட்டி?"

"இருப்பேன்."

"கண்ண மூடுனா கிள்ளுவேன்."

என் முழங்கையில் விரலை வைத்துக்கொண்டாள். ஆனால் அவள்தான் தூங்கினாள். வாப்பா வந்து கூப்பிடும்வரை நான் அந்தக் கையை விலக்கவில்லை. அதற்குப் பிறகு அவளை நான் உயிரோடு பார்க்கவில்லை.

போன வாரம் செக்கு மறுபடி ஓடியது. எண்ணெய் வாங்கப் போனேன். "அன்னைக்கு உங்கிட்ட என்னம்மா பேசுனா?" என்று மாமா கேட்டார். முழித்திருக்கச் சொன்னதைச் சொன்னேன். சுற்றுகிற உலக்கையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசி நேரத்துல நாங்க ரெண்டு பேருமே அசந்துட்டோம், தாயி."

"அவளுக்குக் கோவம் இருக்காது மாமா. அம்மா தூங்கட்டும்னுதான் அன்னைக்கும் மெல்லப் பேசுனா" என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். செக்கு தானாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பெயரின் பொருளும், முழங்கையில் ஒரு விரல் பட்ட இடமும் என்னிடம் இருக்கின்றன. பிற்பகல் வகுப்பில் கண் சொக்கும்போது, அந்த இடத்தை நானே கிள்ளிக்கொள்கிறேன்.