மாப்பிள்ளை கேட்ட தாள்

அருட்செல்வன் மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து எண்ணெய்ப்பனை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி. பாரோயில் ஆசிரியையாக இருந்த நிலானியோடு அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் கல்யாண அறிவிப்பு வாசிப்பதற்கு முன் மூப்பர் இருவரையும் அழைத்தார். இதுவரை கற்போடு வாழ்ந்ததாக எழுதிய ஒரு தாளை நிலானியிடம் மட்டும் நீட்டினார். அவள் முகம் சிவக்கக் கையெழுத்துப் போட்டாள். அதைப் பார்த்த பிறகு அருட்செல்வனால் சும்மா இருக்க முடியவில்லை.

“எனக்கு ஒண்ணு குடுங்க, ஐயா.”

“மாப்பிள்ளைக்கு அதெல்லாம் வேணாம் லா.”

“கட்டளை ரெண்டு பேருக்கும்தானே?”

மூப்பர் கொடுத்தார். அவன் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“என்னால கையெழுத்துப் போட முடியாது. கோலாலம்பூர்ல ஒரு பொண்ணோட ஒரு வருஷம் இருந்தேன். கட்டிக்கிறேன்னு சொல்லிட்டு, விட்டுட்டு வந்துட்டேன்.”

நிலானி எழுந்து போய்விட்டாள். கல்யாணம் நின்றது.

நான்கு மாதம் கழித்து அவளே போன் செய்தாள். “அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?”

“நேர்ல போய்க் கேட்டேன். அவங்க மன்னிக்கல.”

“மன்னிக்கணும்னு அவங்களுக்கு அவசியமில்ல,” என்றாள் நிலானி. “ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க. அப்பாகிட்டயும் நீங்களே சொல்லுங்க.”

அவன் போய்ச் சொன்னான். ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. மூப்பர் வரவில்லை.