மலர்விழி டீச்சரின் பத்து நிமிடம்

போன செவ்வாய்க்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காக நின்றிருந்தேன். நம் பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: மலர்விழி டீச்சர் காலமானார். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று தட்டினேன். அனுப்பக் கை வரவில்லை. இரண்டு ரயில்களை விட்டுவிட்டேன்.

பம்மலில் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் அவர் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா, திருமுடிவாக்கம் பட்டறையில் வேலை செய்தவர், திடீரென இறந்துபோனார். காரியம் முடிந்து பள்ளிக்கு வந்த அந்தப் பெண் எழுந்து நின்று, “எங்கப்பா இப்போ எங்க கீறாரு மிஸ்?” என்று கேட்டது. நாமாக இருந்தால் சாமிகிட்ட என்று சொல்லி உட்கார வைத்திருப்போம். டீச்சர், “எனக்குத் தெரியலம்மா. தெரியாமலே எல்லாரும் சேந்து கொஞ்ச நேரம் உக்காரலாமா?” என்றார். வகுப்பே அமைதியாக உட்கார்ந்தது.

அது வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பீரியடில் பத்து நிமிடமாக நிலைத்தது. என்னிடம் அனுமதி கேட்க வந்தார். “பிரேயரா, தியானமா? டைம்டேபிளில் என்ன பேர் போட?” என்றேன்.

“பேர் வேணாம் சார். பேர் வெச்சா யாராவது ஒருத்தர் வெளிய நிக்கணும். பள்ளிக்கூடம் சாமியக் காட்டவும் வேணாம், மறைக்கவும் வேணாம். உக்கார இடம் குடுத்தா போதும்.”

சரி, நடத்துங்கள் என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பெஞ்சில் நானும் போய் உட்கார்ந்தேன். சில பிள்ளைகள் உதட்டுக்குள் வேண்டிக்கொண்டார்கள், சிலர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. என் அம்மா போன துக்கத்தை முதன்முதலாக அங்கேதான் அழுதேன். டீச்சர் பார்த்தார், பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

பிறகு பெற்றோர் வந்தார்கள். “கண்ண மூடச் சொல்லி மந்திரம் கத்துத் தராங்களாமே, இன்னா சார் இது?” என்றார் ஒருவர். “அதில்ல சார், மதம் மாத்தறாங்க” என்றார் கூட வந்தவர். நிர்வாகத்துக்குப் போய்விடுவார்களோ என்று பயந்தேன். “அப்படியா? என் கவனத்துக்கு வரவே இல்லையே” என்றேன். வருகைப் பதிவேட்டோடு டீச்சர் அப்போது என் அறை வாசலில் நின்றிருந்தார்.

அவரிடமே விளக்கக் கடிதம் கேட்டேன். அந்தப் பீரியடைக் கணக்குத் தேர்வாக மாற்றினேன். கணக்கை எந்த மதத்தாரும் ஆட்சேபிப்பதில்லை. மறுநாள் கடிதம் கொடுத்தார்: ‘தலைமையாசிரியருக்குத் தெரிவிக்காமல் நானாகவே நடத்தினேன்.’ படித்துவிட்டு நிமிர்ந்தேன். “இருக்கட்டும் சார். உங்களுக்கும் பொண்ணுங்க படிக்குது” என்றார். குரலில் கோபமே இல்லை. வெட்கங்கெட்ட நான், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினேன். அந்த வருடத்தோடு நிர்வாகம் எட்டாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டது.

ஓய்வு பெற்ற அன்று கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்துவிட்டேன். ஒரு ஷேர் ஆட்டோ ஏறிப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்தத் தூரம்கூட நான் போகவில்லை. அவரை அறிந்த உங்களிடமாவது இப்போது சொல்லிவிடுகிறேன்: டீச்சர் அனுமதி கேட்டார், நான் கொடுத்தேன். அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். அதிலுள்ள பொய் என்னுடையது.