ஒரே ஒருத்தனைக் காட்டுங்க

எனக்கு வாய் நீளம். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். காலும் சும்மா இருக்காது. மலாக்காவில் பஸ் டிக்கெட் செக்கர் வேலை. காஜா பேராங்கிலிருந்து டவுன், டவுனிலிருந்து தெங்கேரா, திரும்பவும் காஜா பேராங் என்று நாள் முழுக்க நின்றபடியே போய் வருவேன். வீட்டுக்கு வந்தும் உட்கார மாட்டேன். நாற்காலியில் முள்ளா வைத்திருக்கிறேன் என்று என் மனைவி கேட்பாள். இதை எழுதும்போதும் மூன்று தடவை எழுந்து வாசல்வரை போய் வந்தாயிற்று.

மலாயா சுதந்திரம் வாங்கிய மெர்டேக்காவுக்கு முந்தைய மாதங்கள் அவை. ஊரில் யாருக்குமே இருப்புக் கொள்ளவில்லை. குடியுரிமைக்கு மனுப் போடுவதா, இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதா என்று வீட்டுக்கு வீடு பேச்சு. அந்தப் பரபரப்பில்தான் எங்கள் முதல் பிள்ளை பிறந்தான். அவனுக்கு முதுகுத்தண்டு முடியும் இடத்தில், என் சுண்டுவிரலில் பாதி அளவுக்கு, மெத்தென்று ஒரு சதை நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றி வளைப்பானேன், வால்.

ஆஸ்பத்திரி டாக்டர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, எலும்பு இல்லை, பயப்பட ஒன்றுமில்லை, அபூர்வமாக இப்படி வருவதுண்டு, ஒரு வயதாகட்டும், வெட்டி எடுத்துவிடலாம் என்றார். மனைவி கட்டிலை விட்டு எழுவதற்கு முன்பே என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாள். யாரிடமும் சொல்லக் கூடாது. அவளுடைய அண்ணனிடமும் கூடாது.

"ஒரு வருஷம் வாயக் கட்டுங்க. அப்புறம் அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல" என்றாள்.

நான் தலையாட்டினேன். விஷயம் தெரிந்த இன்னொருவர் பக்கத்து வீட்டு அம்மா மட்டும்தான். நெற்றியில் விபூதி, வீட்டில் மலாய்ப் பேச்சு என்று தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிற மலாக்காச் செட்டிக் குடும்பம். தமிழ் நாலைந்து சொல்லுக்கு மேல் வராது. என் மனைவிக்குப் பத்தியச் சமையல் செய்து கொடுத்ததும், கை மாற்றிப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்ததும் அவர்தான்.

பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வெந்நீர் ஊற்றுவது என் வேலை. அவள் காலை நீட்டி உட்கார்ந்து அவனைக் குப்புறப் போட்டுக்கொள்வாள். நான் குவளையில் மொண்டு, புறங்கையில் சூடு பார்த்து, முதுகில் ஊற்றுவேன். தண்ணீர் பட்டு அவன் வீறிடும்போது அந்தச் சின்னச் சதையும் கொஞ்சம் அசையும். இரண்டு பேரும் சிரிப்போம். நாளாக ஆக அதன் மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது. பிரியம் வந்த ஒன்றைப் பற்றிப் பேசாமல் இருப்பது எனக்குப் பெரிய பாடு.

சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் படிப்பகம் இருந்தது. கப்பலில் வரும் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று மேசையைத் தட்டுகிற பத்துப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். தெருவில் எங்களுக்குக் குரங்குக் கட்சி என்று பெயர். எதிர்ப்பக்கம், கோயில்காரர்களுக்கு முன்னால் நின்றவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். ரப்பர்க் கட்டு அடுக்கும் கித்தா கிடங்கில் ஸ்டோர்கீப்பர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் பாடுவார். நல்ல குரல், நல்ல மனுஷனும்கூட. அதுதான் தொல்லை, கெட்டவனோடு சண்டை போடுவது சுலபம்.

பல மாதமாக பஸ் ஸ்டாப்பிலும் காப்பிக் கடையிலும் நடந்துகொண்டிருந்த சண்டையை மேடையில் வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மனிதன் படைக்கப்பட்டவனா, வளர்ந்து வந்தவனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், படிப்பகத்திலேயே கூட்டம். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் நடுவர். நேரம் முடிந்தால் அடிப்பதற்கு, கீழே கடையிலிருந்து ஒரு சைக்கிள் மணியைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார்கள். பெஞ்சு போதாமல் ஜன்னல் திண்டிலும் ஆள் உட்கார்ந்தது.

மச்சான் நிதானமாகத் தொடங்கினார். தன் சட்டையைப் பிடித்துக் காட்டி, இது தானாகத் தைத்துக்கொண்டதா, சட்டை இருந்தால் தையற்காரன் இருக்கத்தான் வேண்டும் என்றார். பிறகு, மச்சம் கூர்மம் வராகம் என்று விரல் மடக்கி, நீருக்குள் மீன், கரைக்கு ஆமை, காட்டுக்குப் பன்றி, வெள்ளைக்காரன் நேற்றுச் சொன்னதை நாம் என்றைக்கோ சொல்லிவிட்டோம் என்றார். நான் விடவில்லை. அப்படியானால் நான் சொல்வதை ஒத்துக்கொள்கிறீர்கள், பின்னே எதற்கு அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், இந்தப் பக்கம் வந்துவிடுங்கள் என்றேன். கூரை பறக்கச் சிரித்தார்கள். டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் எழுந்து, எங்கள் வேதத்தில் முதல் மனிதனை மண்ணிலிருந்து படைத்ததாக இருக்கிறது, மீனும் வேண்டாம் குரங்கும் வேண்டாம் என்று இரண்டு பக்கத்தையும் கண்டித்துவிட்டு உட்கார்ந்தார். அதற்கும் சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. மேடையில் நிற்கும்போது எனக்கு வரும் அந்தச் சூடு கள்ளைவிடப் பொல்லாதது.

அடுத்து அவர், குரங்கு மனிதனானால் காட்டில் இருக்கிற குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது என்றார். நானும் என் சித்தப்பா மகனும் ஒரே தாத்தாவின் பேரன்கள், நான் பிறந்ததற்காக அவன் காணாமல் போக வேண்டுமா என்றேன். கடைசியாக, எல்லோரும் அவரவர் முதுகுத்தண்டின் அடியைத் தொட்டுப் பாருங்கள், அங்கே ஒரு எலும்பு இருக்கும், அது நம் முன்னோர் வால் வைத்திருந்ததன் மிச்சம் என்றேன். அறுபது பேர் பெஞ்சில் நெளிந்தார்கள். நடுவரும் நெளிந்தார். கூட்டம் என் கையில் என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் மட்டும் நெளியவில்லை. சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எலும்பு சரி மாப்ள. வாலு எங்க? அத்தன கோடி ஜனத்துல வாலோட பொறந்தவன் ஒரே ஒருத்தனைக் காட்டுங்க. நான் இப்பவே விபூதிய அழிச்சுட்டு ஒங்க பக்கம் வந்துர்றேன்."

கைதட்டினார்கள். ஜன்னல் திண்டில் இருந்த ஒருவன் விசிலடித்தான். என் நேரத்தில் ஒரு நிமிஷம் பாக்கி இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் சொல்லியிருக்கக்கூடிய பதில்கள் எத்தனையோ. இன்றைக்கும் பஸ்ஸில் நின்றபடி மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

"எங்க வீட்டுல இருக்கான் மச்சான்" என்றேன். "ஒங்க தங்கச்சி பிள்ள. வாலோடதான் பொறந்தான்."

நடுவர் மணியை அடித்தார். நேரம் முடிந்ததற்கா, என்னை நிறுத்துவதற்கா, தெரியாது. யாரும் கைதட்டவில்லை. ஆனாலும் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஒரு கணம்தான், ஆனால் வந்தது. நான் சொன்னதைக்கூட விட்டுவிடலாம், அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மச்சான் விபூதியை அழிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே பிடித்தபடி படியிறங்கிப் போனார். சொந்தத் தங்கை தன்னிடம் மறைத்திருக்கிறாள் என்பது அவருக்கு மேடையில்தான் தெரிந்தது.

நான் வீட்டுக்குப் போகாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெங்கேரா கடலோரம்வரை மிதித்தேன். அங்கேயும் நிற்க முடியவில்லை, திரும்பினேன். எனக்கு முன்பே செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. அவள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து வெந்நீரை எடுத்துக்கொண்டு போனேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

"தண்ணிய வாசல்ல வச்சிட்டுப் போங்க" என்றாள் உள்ளிருந்து. கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம். பிறகு, "மூணு மாசப் பிள்ள. வேணாம்னு சொல்லக்கூட அவனுக்குத் தெரியாது. ஊர் முன்னால அவன் துணிய அவுத்துட்டீங்க."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

அந்த வாரம் எங்கள் வீடு வீடாக இல்லை. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டை நீட்டுகிறவர்கள் என் இடுப்புக்குக் கீழே ஒரு பார்வை பார்த்தார்கள். படிப்பகத்து நண்பர் ஒருவர் கேமராவோடு வந்தார். ஒரு படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினால் உலகத்துக்கே தெரியும் என்றார். சனிக்கிழமை காலையில் மச்சான் வந்தார், கூடவே கோயில்காரர்கள் ஏழெட்டுப் பேர். கையில் வடைமாலை, வெண்ணெய், வெற்றிலை. ஆஞ்சநேயரே தன் குலத்தில் வந்து பிறந்திருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டிருந்தார். வாசலில் நின்று அழுதார், நடிப்பில்லை. கேமராக்காரரைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வந்தது. மச்சானைக் கண்டால் கோபத்தோடு பொறாமையும் வந்தது. அவராவது பிள்ளையைக் கும்பிட வந்தார். நான் அவனை எடுத்து வீசியல்லவா எறிந்தேன்.

என் மனைவி யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மட்டும் பின்கதவு திறந்தது. ஏன் இத்தனை கூட்டம் என்று அவர் என்னிடம் மலாயில் கேட்டார். கூட்டத்தில் நான் பேசியதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதற்காகவா என்றார். பிறகு கொண்டுவந்த சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு வயதுவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே எடுத்துவிடுங்கள் என்று மனைவி டாக்டரைக் கேட்டிருக்கிறாள், அவரும் சரி என்றிருக்கிறார். எனக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து, டவுனுக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட் பார்த்துக்கொண்டே வந்தவன் தற்செயலாக வெளியே பார்த்தேன். முன்னால் ஒரு பெச்சா, மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா, போய்க்கொண்டிருந்தது. அதில் அவளும் பக்கத்து வீட்டு அம்மாவும், நடுவில் துண்டில் சுற்றிய என் பிள்ளையும். பஸ் அவர்களைத் தாண்டியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மணியை இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த ஸ்டாப் வந்துதான் டிரைவர் நிறுத்தினார். இறங்கி ஓடினேன், பெச்சா ஆஸ்பத்திரிக்குள் திரும்பியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். எப்படித்தான் தெரிந்ததோ, மச்சான் ஒரு சின்னச் செப்புப் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தார். வெட்டி எடுப்பதைக் கோயில் மரத்தடியில் வைத்துப் பூசை செய்ய வேண்டுமாம். சற்று நேரத்தில் படிப்பகத்து நண்பர் மூடி போட்ட கண்ணாடிப் போத்தலில் ஸ்பிரிட் ஊற்றிக்கொண்டு வந்தார். படிப்பக அலமாரியில் வைத்தால் இனி எவனும் வாயைத் திறக்க மாட்டான் என்றார். இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து, சட்டை, தையற்காரன், மீன், ஆமை என்று மறுபடியும் ஆரம்பித்தார்கள். நீங்கள் சொல்லுங்கள் மாப்ள, நீங்கள் சொல்லுங்கள் தோழர் என்று என்னையும் இழுத்தார்கள். நான் வராந்தாவின் மறுகோடிக்கு நடந்துவிட்டேன்.

கதவு திறந்தது. பிள்ளை மருந்து மயக்கத்தில் என் மனைவியின் தோளில் கிடந்தான். செப்புப் பாத்திரத்தையும் போத்தலையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலயே போட்டுட்டாங்கண்ணே" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு நடந்தாள். பின்னால் வந்த பக்கத்து வீட்டு அம்மாவின் கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அன்று மாலை இரண்டு பெண்களும் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு எங்கேயோ போய், கால்மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

மெர்டேக்கா வந்தது. தெருவெல்லாம் கொடி, பஸ்ஸுக்கும் தோரணம் கட்டினோம். பிள்ளை குப்புற விழுந்து, தவழ ஆரம்பித்திருந்தான். மச்சான் பழையபடி வந்து போகத் தொடங்கினார். மருமகனுக்குத் தங்க அரைஞாண் போட்டார். நான் படிப்பகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை, ஆனால் மேடை ஏறவில்லை. ஊரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டது. இனிக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மனம் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மாலை வெந்நீர்க் குவளையோடு குளியலறைப் பக்கம் போனேன். கதவு எப்போதும்போல் சாத்தியிருந்தது. உள்ளே அவன் தண்ணீரைக் கையால் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அத எங்க வச்சீங்க, எனக்கு மட்டும் சொல்லு" என்றேன்.

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"எதுக்கு? அடுத்த கூட்டத்துக்கா?"

வெந்நீரை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.