மைக்கில் சொன்ன பெயர்

"அன்ரி, இதை எங்க பழகினீங்க?" என்று கேட்டேன்.

ஜெஸீமா அன்ரி பெரிய வட்டக் கல்லில் மாவை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத?"

"இந்த இன்ஜெராவை. பார்த்தா அப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா வருது."

"அப்பமெண்டு சொல்லிராத மகள். நம்மட மேளக்காரன் கெட்டாச்சுட காதில விழுந்தா மேளத்தத் தூக்கி அடிப்பான். இது ரியாத்தில பழகின. பன்னிரெண்டு வருசம் அங்க ஒரு வீட்டில குசினி வேல. என்னோட ஒரு எத்தியோப்பியாப் பிள்ளை இருந்தா. லுபாபா."

"அவவோட எந்தப் பாஷையில கதைச்சனீங்க?"

"முதல் ஆறு மாசம் ஒரு பாஷையும் இல்ல. அவக்குத் தமிழ் தெரியா, எனக்கு அவட அம்ஹாரி தெரியா, ரெண்டு பேருக்கும் அரபி தெரியா. வீட்டுக்காரி ஏசினா ஆளையாள் பார்த்துச் சிரிப்பம். சிரிச்சதுக்கும் ஏசுவா."

"பிறகு?"

"பிறகு என்ன. அவக்குத் தமிழ் ஏறல்ல. மண்டை கொஞ்சம் கட்டி. நான்தான் அவட பாஷையப் படிச்ச. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரங்க வெளிய போனா அவ இத சுடுவா. நிலத்தில இருந்து ஒரே தட்டில சாப்பிடுவம். முதல் வாய எனக்கு ஊட்டி விடுவா. குர்ஷா எண்டு சொல்ற. அவங்கட ஊரில மரியாதை குடுக்கிற ஆளுக்கு அப்பிடித்தான் ஊட்டுவாங்களாம்."

"இப்ப அவ எங்க?"

அன்ரி கல்லை மூடியால் மூடினார்.

"தெரியா. ஒரு நாள் காலையில குப்பை கொட்டப் போனா. பொலிஸ் பிடிச்சிட்டெண்டு பக்கத்து வீட்டு டிரைவர் வந்து சொன்னான். விசாப் பேப்பர் முடிஞ்சிருந்த. உடுப்பு, சீப்பு, எல்லாம் அலுமாரியில கிடந்த. ஊருக்கு அனுப்பினாங்களா, உயிரோட இரிக்காவா, ஒண்டும் தெரியா. அவட ஊர் தெஸ்ஸியே. அந்தப் பக்கத்து ஆக்கள் ஆரக் கண்டாலும் கேட்டுப் பார்க்கிறன்."

மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்தது.

"பிடி தட்ட. கதைச்சிக்கிட்டு நிண்டா காஞ்சிரும்."

மெல்பேர்னின் டண்டினொங்கில் ஒரு கழக மண்டபத்தின் குசினியில் இது நடந்தது. அந்த மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பயணிகளுக்காக ஓர் ஆப்பிரிக்க மாலை நடக்கும். நகரத்து விடுதிகளிலிருந்து பேருந்தில் நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். முதலில் சாப்பாடு, அடுத்து மேளம், கடைசியாக ஆட்டம். தோள்களை மட்டும் குலுக்கி ஆடும் எத்தியோப்பிய ஆட்டத்தைப் பயணிகளும் எழுந்து நின்று பழகுவார்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவர்களுக்கு அது இலகுவில் வராது, ஆனால் விடமாட்டார்கள். இதையெல்லாம் நடத்தியவர் எத்தியோப்பியரான கெட்டாச்சு. கிழமை நாட்களில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார், சனிக்கிழமையில் வெள்ளை உடுப்புப் போட்டு மேளம் அடிப்பார். நான் மைக்கில் அறிவிப்பவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கத் தயங்குகிறவள்தான் நான். என்றாலும் கையில் எழுதிய தாள் ஒன்று இருந்தால் பேச வந்துவிடும்.

ஜெஸீமா அன்ரி மூதூரில் பிறந்தவர். கணவர் இறந்தபோது மகன் அஸ்ஹானுக்கு ஐந்து வயது. அவனைத் தங்கையிடம் விட்டுவிட்டு ரியாத் போனார். போன் அட்டை வாங்கி மாதம் இரண்டு முறை அவனோடு பேசுவாராம். முதல் கேள்வி எப்போதும் கணக்குப் பாடத்தில் எத்தனை புள்ளி என்பதுதான். அஸ்ஹான் படித்தான், மென்பொருள் வேலைக்கு மெல்பேர்ன் வந்தான், உம்மாவையும் அழைத்துக்கொண்டான். வந்த மூன்றாம் மாதமே வீட்டில் சும்மா இருக்க முடியாதென்று ஒரு மரக்கறித் தொழிற்சாலையில் கரட் பொதி செய்யப் போனார். ஒருநாள் டண்டினொங் சந்தைக்குப் பக்கத்து எத்தியோப்பியக் கடையில், மாவில் கலப்படம் இருக்கிறதென்று கடைக்காரரோடு அம்ஹாரியில் சண்டை பிடித்திருக்கிறார். பின்னால் வரிசையில் நின்ற கெட்டாச்சு சிரித்துவிட்டு, எங்கே படித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவருடைய மனைவி தாதி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம் அது. சனிக்கிழமைக்குச் சமைக்க ஆள் இல்லை.

அப்படி வந்தவர் மூன்று வருடம் சமைத்தார். மாவை மூன்று நாள் முன்பே கரைத்துப் புளிக்க வைப்பார். கோழிக்குழம்புக்கு வெங்காயத்தை எண்ணெய் இல்லாமல் ஒரு மணி நேரம் வதக்குவார். கெட்டாச்சுவின் நண்பர்கள் வந்தால் நேராகக் குசினிக்குப் போய் அவரிடம் சலாம் சொல்லிவிட்டுத்தான் மண்டபத்துக்கு வருவார்கள்.

நான் சேர்ந்த முதல் சனிக்கிழமை, இன்று சமைத்தவர் இலங்கையைச் சேர்ந்த ஜெஸீமா என்று உள்ளதைத்தான் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, "அப்போ இது அசல் இல்லையா" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பகிடி என்றுகூடச் சொல்ல முடியாத சிறிய விஷயம் அது. எனக்கு முகம் சுட்டது. சாப்பாடு பற்றி ஏதாவது அழகாக எழுதச் சொல்லி கெட்டாச்சுவும் கேட்டிருந்தார். அந்தக் கிழமைதான் குசினியில் அன்ரி எனக்கு லுபாபாவின் கதையைச் சொன்னார்.

நான் எழுதியது இதுதான்: "இந்த உணவைச் சமைத்தவர் லுபாபா. எத்தியோப்பியாவின் மலைநகரமான தெஸ்ஸியேயில், தாயின் அடுப்படியில் இதைக் கற்றவர்." ஆங்கிலத்தில் வாசிக்க இன்னும் அழகாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

குசினியில் புகை இழுக்கும் விசிறி ஓடும்போது வெளியே பேசுவது எதுவும் கேட்காது. கைதட்டல் மட்டும் கேட்கும்.

"எனக்கா மகள் தட்டுறாங்க?" என்று அன்ரி கேட்டார்.

"ஓம் அன்ரி."

"என்னெண்டு சொன்ன?"

"நல்லாச் சமைக்கிறீங்களெண்டு."

"அத சொல்லவும் ஒரு தாளா," என்று சிரித்தார்.

இப்படி ஏழு மாதம் போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே தாளை வாசித்தேன். கெட்டாச்சுவுக்கும் அது கேட்டது. நானும் அன்ரியும் பேசி வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்கிறோம் என்று அவர் நினைத்திருந்தார். அவர் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஹயாத் என்ற பெண் கணவரோடு வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். டொரொண்டோவில் வசிப்பவர், அவுஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர். நான் தாளை வாசித்து முடித்ததும் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு தன் தட்டிலிருந்து இன்ஜெராவை ஒரு துண்டு பிய்த்து, அதில் கோழியும் கொஞ்சம் முட்டையும் வைத்துச் சுருட்டி, ஒரு கையைக் கீழே ஏந்தியபடி எழுந்தார். கதிரைகளுக்கு நடுவே குசினியை நோக்கி நடந்தார்.

என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவருக்கு முன்பே நான் குசினி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். சொல்வதற்கு நேரம் இருந்தது.

"நிலம் ஈரமாக இருக்கிறது, கவனம்," என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"நானும் தெஸ்ஸியேதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்ரி இரண்டு கையிலும் மாவோடு நின்றார். ஹயாத் அம்ஹாரியில் ஏதோ சொல்லி, கவளத்தை அவர் வாயருகே கொண்டுபோனார். அன்ரி கொஞ்சமும் யோசிக்கவில்லை. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். கண்ணை மூடி மென்றார். ஹயாத் அவர் தோளைத் தொட்டு ஒரு கேள்வி கேட்டார். அதில் 'லுபாபா' என்ற பெயர் எனக்கும் கேட்டது.

அன்ரியின் கண் திறந்தது. வாய் நிறைய இருந்ததால் பேச முடியவில்லை. பொறுங்கள் என்று மாவுக் கையை உயர்த்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவசரமாக விழுங்கிவிட்டு அம்ஹாரியில் கேட்டார். ஹயாத் விளங்காமல் பார்த்தார். அன்ரி அதையே ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீ லுபாபாவ கண்டியா? அவ எங்க?"

"நீங்கள்தானே லுபாபா? இப்போது மைக்கில் சொன்னார்களே."

அன்ரி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கலாம். அவர் இன்னும் விளங்கிக்கொள்ள முயன்றுகொண்டிருந்தார். விளங்கியதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ட பேர் ஜெஸீமா. நான் ஸ்ரீலங்கா."

"அப்போ லுபாபா யார்? எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயரை வைத்துக்கொண்டு எங்களுக்கே கதை சொல்கிறீர்களா? நான் உங்களுக்கு ஊட்டினேனே."

தாள் என் கையில்தான் இருந்தது. நான் எழுதியது, இவருக்கு எதுவும் தெரியாது என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். ஆங்கிலத்தில் அது நாலு சொல்லுக்கு மேல் வராது.

"சொறி. மை மிஸ்டேக்," என்றார் அன்ரி.

ஹயாத் சுவரிலிருந்த கைதுடைக்கும் கடதாசியைக் கிழித்து விரல்களைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு கணவரைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார். மண்டபத்தில் மேளம் தொடங்கியது. ஆட்டத்தை அறிவிக்க வேண்டியிருந்ததால் நான் போனேன். என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

திரும்பி வந்தபோது அன்ரி கல்லைத் துடைத்து முடித்திருந்தார். அஸ்ஹானின் கார் வந்ததும் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. முழங்கால் நோவு என்று கெட்டாச்சுவுக்கு போனில் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த சனியும் முழங்கால். அதற்குள் ஹயாத் இங்கிருக்கும் தன் உறவினர்களிடம் நடந்ததைச் சொல்லிவிட்டார். கெட்டாச்சு பள்ளிவாசலில் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சமைத்த அம்மாதான் பொய்ப் பெயரில் இருந்தார் என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் நான் கெட்டாச்சுவிடம் உண்மையைச் சொன்னேன். பதினேழு நாள் கழித்து. அவர் ஏசவில்லை. "நானும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்," என்றார். அன்ரியைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. நான் மைக் வேலையை விட்டுவிட்டேன். இப்போது கடையில் வாங்கிய இன்ஜெராவோடு மாலை நடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தோடம்பழப் பை ஒன்றோடு அன்ரியின் வீட்டுக்குப் போனேன். அவர்தான் கதவைத் திறந்தார்.

"வா மகள். தோடம்பழமா? ஆசுப்பத்திரிக்கு வந்தவ மாதிரி வந்திரிக்கா."

"முழங்கால் எப்பிடி அன்ரி?"

"முழங்காலுக்கு ஒண்டும் இல்ல. உனக்குத் தெரியுந்தானே. இரி, தேத்தண்ணி போடுறன்."

தேத்தண்ணி வந்தது. நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைத் தொடங்கினேன். "அன்ரி, நான் அண்டைக்கு வாய் திறந்திருக்க வேணும்."

"ஓம், திறந்திரிக்க வேணும்," என்றார். இல்லை பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"கெட்டாச்சு அண்ணாட்ட சொல்லிட்டன்."

"சொன்னவன். அவன் என்னத் தெரிஞ்சவன், அவனுக்கு நீ சொல்லாட்டியும் சரி. எனக்கு அண்டைக்கு வந்த பிள்ளைட நினைப்புத்தான். அவட கையால வாங்கித் திண்டுட்டன் மகள். பொய் சொல்லித் திண்டவ எண்டு நினைச்சிக்கிட்டுப் போயிட்டா. லுபாபா எண்டு ஒரு ஆளே இல்ல, காசுக்குக் கட்டின கதை எண்டும் நினைச்சிரிப்பா."

உள்ளறையில் அஸ்ஹான் யாரோடோ வேலை விஷயமாக ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான்.

"உங்கட மகனிட்ட இதெல்லாம் சொன்னீங்களா?"

"சொல்லல்ல. அவன் உனக்கு ஏசுவான்."

தோடம்பழம் ஒன்றை எடுத்து நகத்தால் தோலைக் கீறினார். உரித்து, பாதியை என் தட்டில் வைத்தார்.

"டிக்கட் எடுக்கக்குள்ள அந்தப் பிள்ளைட ஈமெயில் எழுதிரிப்பாதானே. கெட்டாச்சுட்ட வாங்கு. நல்ல இங்கிலீசில அவக்கு எழுது. லுபாபா எண்டு ஒருத்தி உண்மையா இருந்தவ, ரியாத்தில என்னோட ஒரு தட்டில திண்டவ, நான் அவட பேரை விக்கல்ல எண்டு எழுது. தெஸ்ஸியேக்குப் போனா அவளக் கொஞ்சம் விசாரிக்கச் சொல்லு. மைக்கில சொன்ன ஆரு எண்டு மட்டும் எழுத வேணா மகள். நீ கலியாணம் கட்டாத பிள்ளை, உன்ட பேர் எதுக்கு அதில."